ஆட்டத்தின் நடுவே திறக்கும் விதிப்புத்தகம்: டிஜிட்டல் வடிவம் தயாரிக்க ஒரு வழிகாட்டி

நான் உருவாக்கிய படகு வணிக ஆட்டத்தை நான்கு பேர் முதல்முறையாக ஆடிக்கொண்டிருந்தார்கள். விதிப்புத்தகத்தை மட்டும் நம்பி ஆட முடிகிறதா என்று பார்ப்பதற்கான சோதனை அது. அதனால் நான் வாய் திறக்கக் கூடாது என்று முடிவு செய்து ஓரமாக உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் நன்றாகப் போனது. அப்புறம் இரண்டு படகுகள் ஒரே துறைமுகத்தில் வந்து நின்றன. யார் முதலில் சரக்கை இறக்குவது? ஒருவர் போனில் பிடிஎஃப்பைத் திறந்தார். இருபத்து நான்கு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் அருகருகே இரண்டு நெடுவரிசை. விரலால் பெரிதாக்கினார், நகர்த்தினார், தவறிப்போய் அடுத்த பக்கத்துக்குத் தாவினார், திரும்ப வந்தார். "சமநிலை" என்று தேடினார், வரவில்லை. ஏழு நிமிடம் கழித்து யாரோ "சரி, பகடையை உருட்டிப் பார்த்துக்கொள்வோம்" என்றார். விதி பதினோராம் பக்கத்தில்தான் இருந்தது. அதில் "சமநிலை" என்ற சொல் இல்லை.

அன்றிலிருந்து விதிப்புத்தகத்தை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. அதை மக்கள் இரண்டு வேளைகளில் படிக்கிறார்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாள் சாவகாசமாக, முதலிலிருந்து கடைசிவரை படிப்பது ஒன்று. மற்ற மூவர் காத்திருக்க, ஒரு கையில் அட்டைகளைப் பிடித்தபடி, ஒரே ஒரு வரியைத் தேடுவது இன்னொன்று. அச்சுப் புத்தகம் இரண்டையும் ஓரளவு சமாளிக்கும். டிஜிட்டலில் நாம் திட்டமிடாவிட்டால் இரண்டாவது வேளையில் கட்டாயம் சறுக்கும். முதல் ஆட்டத்தை உருவாக்கி, அதன் விதிகளைக் கோப்பாக வெளியிட நினைப்பவர்களுக்காக, நான் இப்போது செய்யும் வரிசையிலேயே கீழே எழுதுகிறேன்.

முதல் படி: சொற்களை உறுதி செய்யுங்கள்

எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன் ஒரு தாளில் ஆட்டத்திலுள்ள பொருள்களையும் செயல்களையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர் கொடுங்கள். ஓரிடத்தில் அட்டை, இன்னோரிடத்தில் கார்டு, மூன்றாவது இடத்தில் சீட்டு என்று எழுதினால், தேடுகிறவர் பாதி விதிகளைத் தவறவிடுவார். கதை எழுதும்போது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடக் கூச்சமாக இருக்கும். விதி எழுதும்போது அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள்.

அதிகக் குழப்பம் வருவது "முறை", "சுற்று" இரண்டிலும்தான். ஒருவர் ஆடுவது முறை, எல்லோரும் ஒருதரம் ஆடி முடிப்பது சுற்று என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, கடைசிவரை அதை மீறாதீர்கள். "இந்தத் தடவை", "அடுத்த வாய்ப்பில்" போன்றவை நுழைந்துவிடும். தேடிப் பிடித்து மாற்றுங்கள்.

ஆட்டக்காரர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார் என்பதையும் யோசியுங்கள். என் விதியில் "ஒரே நேரத்தில் வந்துசேரும் பட்சத்தில்" என்று இருந்தது. யாரும் அப்படித் தேட மாட்டார்கள். "சமநிலை" என்றோ "டை" என்றோதான் தேடுவார்கள். இப்போது அந்த விதியின் தலைப்பு "சமநிலை", முதல் வரியில் "டை ஆனால்" என்பதும் இருக்கிறது.

இரண்டாம் படி: விதிகளுக்கு எண் கொடுங்கள்

டிஜிட்டலில் பக்க எண்ணை நம்ப முடியாது. போனில் ஒரு பக்கம், டேப்லெட்டில் இன்னொரு பக்கம், மின்னூலில் பக்கமே கிடையாது. விதி எண் மட்டும் எல்லா வடிவத்திலும் ஒன்றாகவே இருக்கும். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளைப் பாருங்கள். காயைக் கையால் எடுத்து நகர்த்தும் செயல் பற்றியது 4-ஆம் பிரிவு, தொட்ட காயை ஆட வேண்டும் என்பது 4.3. "மேஜிக்: தி கேதரிங்" ஆட்டத்தின் முழு விதித்தொகுப்பு 100.1-இல் தொடங்குகிறது. அதை வெறும் உரைக் கோப்பு, வேர்ட் கோப்பு, பிடிஎஃப் என்று மூன்று வடிவிலும் வெளியிடுகிறார்கள். நடுவர் "704 பார்" என்றால் எந்த வடிவத்தை வைத்திருப்பவரும் ஒரே இடத்துக்குத்தான் போவார்.

என் பழைய விதி இப்படி இருந்தது:

"இரண்டு படகுகள் ஒரே நேரத்தில் துறைமுகத்துக்கு வந்துசேரும் பட்சத்தில் அதிகச் சரக்கு வைத்திருப்பவருக்கு முன்னுரிமை உண்டு, அதுவும் சமமாக இருந்தால் முதல் ஆட்டக்காரருக்கு அருகில் இருப்பவர்."

இப்போது:

"6.4 சமநிலை. இரண்டு படகுகள் ஒரே சுற்றில் ஒரே துறைமுகத்தை அடைந்து டை ஆனால், சரக்கு அதிகமுள்ள படகு முதலில் இறக்கும்.
6.4.1 சரக்கும் சமம் என்றால், முதல் ஆட்டக்காரரிலிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் எண்ணுங்கள். முதலில் வருபவரின் படகு முதலில் இறக்கும்."

"அருகில்" என்பது இடப்பக்கமா வலப்பக்கமா என்ற சண்டைக்கும் இதிலேயே முடிவு வந்துவிட்டது. எண் போட்டு எழுத உட்கார்ந்தாலே இப்படிப்பட்ட ஓட்டைகள் கண்ணில் படும்.

ஒரு கண்டிப்பு: வெளியிட்டபின் எண்களை மாற்றாதீர்கள். புது விதி வந்தால் அந்தப் பிரிவின் கடைசியில் சேருங்கள். ஒரு விதியை நீக்கினால் எண்ணை விட்டுவைத்து "நீக்கப்பட்டது" என்று எழுதுங்கள். அட்டைகளில் "6.4 பார்க்க" என்று அச்சாகியிருக்கும், யாரோ குறிப்பெடுத்து வைத்திருப்பார்கள்.

ஆட்டம் கொஞ்சம் பெரியதென்றால், கற்பதற்கு ஒன்று, தேடுவதற்கு ஒன்று என இரண்டு கோப்புகளாகப் பிரித்துவிடுங்கள். 2018-இல் வந்த "ரூட்" ஆட்டத்தில் கற்றுக்கொடுக்கும் புத்தகம் தனி, "லா ஆஃப் ரூட்" என்ற எண்ணிட்ட விதித்தொகுப்பு தனி. கற்பிக்கும் கோப்பில் படமும் எடுத்துக்காட்டும் தாராளமாக இருக்கட்டும், தொகுப்பில் விதி மட்டும் இருக்கட்டும். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்பதைத் தொகுப்பின் தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சின்ன ஆட்டத்துக்கு இந்தப் பிரிவு தேவையில்லை. எட்டுப் பக்கத்துக்குள் முடிந்தால் ஒன்றே போதும்.

மூன்றாம் படி: ஒரே மூலம்

பிடிஎஃப்புக்கு ஒரு கோப்பு, இணையப் பக்கத்துக்கு ஒரு கோப்பு, மின்னூலுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதினால் மூன்றாவது திருத்தத்திலேயே அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. மூலம் ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்ற எல்லாம் அதிலிருந்து பிறக்க வேண்டும்.

வேர்ட், லிப்ரே ஆபிஸ் போன்றவற்றில் பழகியவர்கள் அதிலேயே எழுதலாம். ஆனால் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, அளவைப் பெரிதாக்கி விட்டுவிடாதீர்கள். "தலைப்பு 1", "தலைப்பு 2" என்ற பாணிகளைப் போடுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்குப் பாணி போட்டால்தான் அது தலைப்பு என்று தெரியும். பொருளடக்கமும், பிடிஎஃப்பின் ஓரத்தில் தலைப்புகளைப் பட்டியலிடும் பக்கவாட்டுக் குறிகளும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் தலைப்புக்குத் தலைப்பு தாவுவதும் இதைப் பொறுத்தவை.

நான் மார்க்டவுனில் எழுதுகிறேன். 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட எளிய குறியீட்டு முறை அது. வரியின் தொடக்கத்தில் ஒரு கட்டக்குறி (#) போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் துணைத்தலைப்பு. வேறு பெரிதாகக் கற்க ஒன்றுமில்லை. பேண்டாக் என்ற இலவச மென்பொருள் அந்த ஒரே கோப்பிலிருந்து இணையப் பக்கம், ஈபப் என்ற மின்னூல், வேர்ட் கோப்பு எல்லாவற்றையும் சில விநாடிகளில் உருவாக்கித் தரும். கட்டளை வரியில் இயங்குவது என்பதால் முதல் நாள் கொஞ்சம் மிரட்டும். ஒரு மாலை நேரத்தை ஒதுக்கினால் பழகிவிடும்.

நான்காம் படி: வடிவங்களைத் தேர்ந்தெடுப்பது

பிடிஎஃப்பிலிருந்து தொடங்குவோம். எல்லோரிடமும் திறக்கும். 2008 முதல் ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டு அமைப்பின் தரமாகவும் இருக்கிறது. வடிவமைத்தது வடிவமைத்தபடியே தெரியும் என்பது அதன் பெரிய பலம். போனில் அதுவே தொல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. நிமிர்த்திப் பிடித்த போனின் திரை அகலம் ஏறத்தாழ 7 செ.மீ. பக்கம் முழுதும் தெரிய வேண்டுமென்றால் எல்லாம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 10 புள்ளி (பாயின்ட்) எழுத்து 3 புள்ளி சொச்சம் ஆகிவிடும். கொம்பும் காலும் சுழியும் கொண்ட தமிழ் எழுத்தை அந்த அளவில் யாராலும் படிக்க முடியாது.

ஆகவே அச்சுக்கு ஒரு பிடிஎஃப், திரைக்கு ஒரு பிடிஎஃப் என இரண்டு தேவை. திரைக்கானதை ஏ5 அளவில், ஒரே நெடுவரிசையாக, 14 புள்ளி எழுத்தில் செய்யுங்கள். ஏ5-இன் அகலம் 14.8 செ.மீ. போனில் பாதியாகச் சுருங்கினாலும் எழுத்து 7 புள்ளிக்குப் பக்கத்தில் நிற்கும், படித்துவிடலாம். எதிரெதிர்ப் பக்கங்களை ஒன்றாக இணைத்து ஏற்றுமதி செய்யாதீர்கள். இருபுறமும் சீராக்கும் வரி அமைப்பும் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, குறுகிய நெடுவரிசையில் சீராக்கினால் சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக விழும். இடப்பக்கம் மட்டும் ஒட்டினால் போதும். வரிகளுக்கிடையே எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு உயரம் விடுங்கள்.

ஏற்றுமதி செய்யும்போது பக்கவாட்டுக் குறிகளைச் சேர்க்கும் தேர்வையும், தலைப்பு, பத்தி, பட்டியல் என்ற கட்டமைப்பைக் கோப்புக்குள் பதிக்கும் தேர்வையும் இயக்குங்கள். லிப்ரே ஆபிஸில் இரண்டும் பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியிலேயே இருக்கின்றன. பொருளடக்கத்தில் ஒவ்வொரு வரியும் தொட்டால் போகும் இணைப்பாக இருக்க வேண்டும். "6.4 பார்க்க" என்று உரைக்குள் வரும் இடங்களும் அப்படியே.

இனி தமிழில் எழுதுகிறவர்கள் விட்டுவிடவே கூடாத ஒரு சோதனை. தமிழ் பிடிஎஃப் கண்ணுக்கு அழகாக இருக்கும், தேடினால் ஒன்றும் கிடைக்காது. இதற்கு இரண்டு காரணங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் நாம் காண்பது தமிழானாலும், உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடு. அப்படியிருந்தால் முழுவதையும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும், குறுக்குவழி இல்லை. இரண்டாவது காரணம் நுட்பமானது. "கொ" என்ற எழுத்தில் கொம்பு இடப்பக்கம் நிற்கிறது, கால் வலப்பக்கம் நிற்கிறது. யூனிகோடில் முதலில் "க"தான், குறி அதன் பின்னால்தான் வரும். சில மென்பொருள்கள் பிடிஎஃப் உருவாக்கும்போது எழுத்தின் உருவங்களைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்துவிட்டு, மூல வரிசையைத் தொலைத்துவிடுகின்றன. அப்புறம் "கொள்ளை" என்று தேடினால் கிடைக்காது. நகலெடுத்து ஒட்டினால் எழுத்துகள் இடம் மாறி விழும்.

சோதிப்பது எளிது. உங்கள் விதிகளிலிருந்து ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு வரும் சொற்களை எடுங்கள்: கொள்ளை, பேரம், கைமாற்று, மோதல் போல. முடிந்த பிடிஎஃப்பில் ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்து தேடுங்கள். ஒரு பத்தியை நகலெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். கணினியில் ஒருமுறை, போனில் ஒருமுறை. சறுக்கினால் ஏற்றுமதி செய்யும் மென்பொருளை மாற்றிப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர் போன்ற திறந்த உரிம யூனிகோடு எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே பதித்துக் கொடுக்கலாம், தடையில்லை.

அடுத்து இணையப் பக்கம், அதாவது எச்டிஎம்எல். ஆட்டத்தின் நடுவே தேடுவதற்கு இதைவிட நல்ல வடிவம் இல்லை என்பதே என் முடிவு. திரையின் அகலத்துக்கு ஏற்ப உரை தானே ஓடி அமையும். ஒவ்வொரு விதிக்கும் தனி முகவரி கொடுக்கலாம். நண்பர் சந்தேகம் கேட்டால் 6.4-க்கே நேராகப் போகும் இணைப்பை அனுப்பிவிடலாம். விதித்தொகுப்பு முழுவதையும் ஒரே நீளப் பக்கமாக வையுங்கள். அத்தியாயத்துக்கு ஒரு பக்கம் என்று வெட்டினால் உலாவியின் தேடல் அந்த ஒரு பக்கத்தோடு நின்றுவிடும்.

ஆடுகிற இடத்தில் இணையம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். படங்களையும் பாணிகளையும் உள்ளேயே பொதிந்த ஒற்றைக் கோப்பாக எச்டிஎம்எல்லைத் தயாரிக்கலாம். பேண்டாக்கில் அதற்கு வசதி இருக்கிறது. அந்தக் கோப்பை இறக்கிவைத்துக்கொண்டால் இணையமின்றியும் திறக்கும்.

ஈபப் என்பது மின்னூல் வடிவம். உள்ளே பிரித்துப் பார்த்தால் சுருக்கிக் கட்டிய இணையப் பக்கங்கள்தான். கற்பிக்கும் கோப்பைப் படுத்துக்கொண்டு படிக்க விரும்புகிறவர்களுக்கு ஏற்றது. எழுத்தளவை அவர்களே மாற்றிக்கொள்ளலாம். கிண்டிலுக்கு அனுப்பும் சேவையும் 2022 முதல் ஈபப்பை ஏற்கிறது. ஆனால் பலகையின் பெரிய படம், அகலமான அட்டவணை போன்றவை ஈபப்பில் உடையும். மூன்று நெடுவரிசைக்கு மேற்பட்ட அட்டவணையைப் பட்டியலாக மாற்றி எழுதிவிடுங்கள். வெளியிடும் முன் ஈபப்செக் (EPUBCheck) என்ற இலவசக் கருவியில் ஓட்டிப் பிழை பாருங்கள்.

வெறும் உரைக் கோப்பையும் கூடவே கொடுங்கள். செலவில்லை, எந்தக் கருவியிலும் திறக்கும், மொழிபெயர்க்க விரும்புகிறவருக்கு அதுதான் முதலில் வேண்டும். காணொளி கற்க உதவும், ஆனால் அதில் ஒரு வரியைத் தேட முடியாது. தனிச் செயலி முதல் ஆட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். போன்களின் இயங்குதளம் மாறும்போதெல்லாம் அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாதென்றால் திரைக்கான பிடிஎஃப், ஒற்றைக் கோப்பு எச்டிஎம்எல் இரண்டோடு தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: சின்னங்களும் படங்களும்

வரிக்கு நடுவே சின்னம் போடுவது பலகை விளையாட்டுகளில் வழக்கம். "2 சரக்கு கொடுத்து 1 நாணயம் பெறு" என்பதில் சரக்குக்கும் நாணயத்துக்கும் குட்டிப் படங்கள். அச்சில் அருமையாக இருக்கும். டிஜிட்டலில் அந்தப் படத்தைத் தேட முடியாது, திரைவாசிப்பான் அதைப் படிக்காது. சின்னத்தோடு சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள். எச்டிஎம்எல்லிலும் ஈபப்பிலும் ஒவ்வொரு படத்துக்கும் அதைச் சொல்லில் விவரிக்கும் மாற்று உரை கொடுக்கலாம், "சரக்குச் சின்னம்" என்று இரண்டே சொல் போதும். பகடையின் ஆறு முகங்கள், சீட்டுக்கட்டின் நான்கு வகைகள், சதுரங்கக் காய்கள் ஆகியவற்றுக்கு யூனிகோடிலேயே எழுத்துகள் இருக்கின்றன, ஆனால் சிறிய அளவில் பகடை முகங்களைப் பிரித்தறிவது கடினம். எண்ணையும் பக்கத்தில் போடுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பி விதி எழுதாதீர்கள். "சிவப்புக் காய்" என்பதைவிட "சிவப்பு முக்கோணக் காய்" நல்லது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆட்டக்காரர்களில் நிச்சயம் இருப்பார்கள். அலங்காரத்துக்காகப் பழைய காகிதம் போன்ற பின்னணியைத் திரைக்கான கோப்பில் போடுவதை விட்டுவிடலாம். எழுத்து மங்கும், கோப்பும் கனக்கும். படங்களை அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, திரைக்கு 150 என்று வைத்தால் போதுமானது.

அச்சிட்டு வெட்டி ஆடும் அட்டைகளையும் கொடுப்பதாக இருந்தால் ஒரு குறிப்பு. 63 க்கு 88 மி.மீ. அளவுள்ள அட்டைகள் ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். "தாளுக்குப் பொருத்து" என்ற தேர்வில் அச்சிட்டால் எல்லாம் சற்றே சுருங்கிவிடும். பக்கத்தின் ஓரத்தில் சரியாக 5 செ.மீ. நீளமுள்ள கோடு ஒன்றைப் போட்டு, "இதை அளந்து பாருங்கள்" என்று எழுதிவையுங்கள்.

ஆறாம் படி: பதிப்பு எண்

கோப்பின் பெயரில் ஆட்டத்தின் பெயர், "விதிகள்", பதிப்பு எண் மூன்றும் இருக்கட்டும். "இறுதி" என்ற சொல் எந்தக் கோப்பின் பெயரிலும் வேண்டாம். முதல் பக்கத்தில் பதிப்பு எண்ணும் தேதியும், கடைசிப் பக்கத்தில் எந்தெந்த விதி எண்கள் மாறின என்ற பட்டியலும் இருக்க வேண்டும். பழைய பிடிஎஃப் யாரோ ஒருவரின் போனில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மேஜையில் இருவர் இரண்டு பதிப்பை வைத்துக்கொண்டு வாதிடும்போது அந்த எண்தான் தீர்த்துவைக்கும்.

பெட்டியில் க்யூஆர் குறி அச்சிடுவீர்களானால், அது கோப்புக்கே நேராகப் போகக் கூடாது. உங்கள் கையிலிருக்கும் ஒரு நிலையான பக்கத்துக்குப் போகட்டும், அங்கிருந்து புதிய கோப்புகளுக்கு இணைப்பு கொடுங்கள். கோப்பின் இடம் மாறினாலும் அச்சான பெட்டி வீணாகாது. விதிகளைப் பகிரலாமா, மொழிபெயர்க்கலாமா என்பதையும் அதே பக்கத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள். படைப்பை மற்றவர்கள் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றைக் குறிப்பிடுவது எளிய வழி. "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" ஆட்டத்தின் அடிப்படை விதித்தொகுப்பையே 2023 ஜனவரியில் அப்படி ஓர் உரிமத்தின் கீழ் வெளியிட்டார்கள்.

ஏழாம் படி: கடிகாரத்தை வைத்துச் சோதியுங்கள்

ஆட்டத்தில் உண்மையாக எழும் பத்துக் கேள்விகளை எழுதுங்கள். "அட்டைக்கட்டு தீர்ந்தால் என்ன செய்வது?", "கையில் எத்தனை அட்டை வைத்திருக்கலாம்?" போல. உங்கள் ஆட்டத்தை அறியாத ஒருவரிடம் போனைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் விதி எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மறுகையில் அட்டைகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்ல மறக்காதீர்கள். ஒற்றைக் கையால் தேடுவது வேறு மாதிரி இருக்கும். முப்பது விநாடியைத் தாண்டிய கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முதலில் என்ன சொல்லைத் தட்டச்சு செய்கிறார் என்று பாருங்கள். அந்தச் சொல் உங்கள் விதியில் இல்லையென்றால் மூலக் கோப்பைத் திறந்து அங்கேயே சேர்த்துவிடுங்கள், பிறகு எல்லா வடிவங்களையும் மறுபடி உருவாக்குங்கள்.

என் ஆட்டத்தில் இந்தச் சோதனையை மூன்று பேரிடம் செய்தேன். "துறைமுகத்தில் இரண்டு படகு வந்தால்?" என்ற கேள்விக்கு ஒருவர் "சமநிலை" என்று தேடினார், ஒருவர் "டை" என்று தேடினார். மூன்றாமவர் "ஒரே இடம்" என்று தேடினார். அடுத்த பதிப்பில் 6.4-இன் முதல் வரியில் அதுவும் இருக்கும்.